சம்பந்திப் பகுதி வந்திருந்த வழக்கு

ஓய்வு பெற்றது நான்தான். என் தொலைபேசி இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பு நகரத்தில் நான் கிளாக்கராக இருந்த சட்டத்தரணி அலுவலகத்தில் இப்போது இரண்டு பெண்பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். கெட்டிக்காரிகள். நான் அரைநாள் இருந்து தட்டச்சுச் செய்ததை அவர்கள் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவார்கள். ஆனால் லொறி விபத்து வழக்கு ஒன்று வாசலில் வந்து நின்றுவிட்டால் போதும், எனக்குத்தான் அழைப்பு வரும்.

"மிஸ், ஏறாவூர்ல ஒராளுக்குக் கண்டெய்னர் அடிச்சிட்டுது. ஊட்டு ஆக்கள் வந்து இரிக்காங்க. முதல்ல என்ன கேக்கிற?"

"ஒண்டும் கேக்காத. முதல்ல ரீ ஊத்திக் குடு. மறுகா கேக்கலாம்" என்பேன்.

போன கிழமை எடுத்தபோது இன்னொரு செய்தியும் சொன்னார்கள். இப்போது சட்டம் கொஞ்சம் அகன்றுவிட்டதாம். செத்தவரின் உழைப்புப் போனதற்கு மட்டுமல்ல, அவருடைய பாசமும் துணையும் போனதற்கும் நட்டஈடு கேட்கலாமாம். யார் யார் கேட்கலாம், எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதை லோயரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கிரான் பூரணம் அக்காவின் வழக்குத்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதி வைத்துவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்காவது உதவும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மண்டூர். உயர்தரம் முடித்த கையோடு தட்டச்சு பழகி, வாவியைப் பாதையில் கடந்து, அந்தப் பக்கம் பஸ் பிடித்து வேலைக்கு வந்தவள். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை. அது பிந்தினால் நானும் பிந்துவேன். அந்தப் பதற்றம் ஓய்வு பெற்ற பிறகும் விடிய முன்னமே என்னை எழுப்பிவிடுகிறது. முதல் சில வருடங்கள் கார்பன் தாளும் கறுத்த விரலுமாகப் போயின. வழக்குரை எது, சத்தியக்கடதாசி எது என்று தெரிந்துகொண்டதும் திட்டு வாங்கித்தான். என்னைத் தட்டச்சு மேசையிலிருந்து எழுப்பி, "இனி நீங்க ஆக்களோட கதையுங்க" என்று முன் மேசைக்கு அனுப்பியவர் எங்கள் சேர்.

சேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வந்தவர் பேசும்போது பேனையை மூடி மேசையில் வைத்துவிடுவார். அழுகிற ஆளுக்கு முன்னால் எழுதினால், அந்த ஆள் பேனை போகிற வேகத்துக்குப் பேசத் தொடங்கிவிடும் என்பார். அவர் எனக்கு வைத்த கட்டளை ஒன்று உண்டு. வந்தவர்களிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது. ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர்கள் போனபிறகு கூப்பிட்டார்.

"மிஸ், முடிவு உங்களுக்குத் தெரியுமா?"

"இல்ல சேர்."

"எனக்கும் தெரியா. அப்ப பயப்படாதீங்க எண்டு சொல்ல நாம ஆரு? என்ன செய்யப்போறம் எண்டு மட்டும் சொல்லுங்க."

அந்த மனிதரோடு வேலை செய்ததால் எனக்கும் ஒருநாள்கூடப் பயமில்லாமல் போனதில்லை. லொறி வழக்கு என்றால் அப்படித்தான், ஒவ்வொரு படியிலும் எதையோ தவறவிடுவோம் என்ற நடுக்கம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி எடுக்க வேண்டும். லொறியைப் பொலிஸ் விடுவிக்க முன்னம் மோட்டார் பரிசோதகர் பிரேக்கையும் ரயரையும் பார்த்துவிட்டாரா என்று விசாரிக்க வேண்டும். காப்புறுதி எந்தக் கம்பனி என்று பிடிக்க வேண்டும். இழுக்கிற தலைக்கு ஒரு இலக்கம், பின்னால் இழுபடுகிற பெட்டிக்கு இன்னொரு இலக்கம், சிலவேளை இரண்டுக்கும் இரண்டு முதலாளிமார். வழக்குப் போடுவது கம்பனிக்கு உரிய வேளையில் பதிவுத் தபாலில் அறிவிக்கப்பட வேண்டும். அதை மறந்தால் கம்பனி கையை விரித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

சனம் செய்கிற தவறு ஒன்றுதான். நீதவான் நீதிமன்றத்தில் றைவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டியதும், "கேஸ் முடிஞ்சிட்டு" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தத் தண்டம் அரசாங்கத்துக்குப் போகிறது. செத்தவன் வீட்டுக்கு வரவேண்டியதை மாவட்ட நீதிமன்றத்தில் வேறாகக் கேட்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்தது.

பூரணம் அக்காவும் அப்படித்தான் வீட்டுக்குப் போய், யாரோ சொல்லிக் கடைசி நேரத்தில் வந்தவர். மகன் சசி மேசன். கிரானிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லடுக்கிச் சுவர் எழுப்பியவன். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்தை முந்தப் பார்த்த பாரிய கண்டெய்னர் நேரே அவன் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஒதுங்க இடமில்லை. கலியாணமாகாத பிள்ளை. தகப்பன் முதலே இறந்துபோனார்.

அக்காவோடு இளைய மகள் நிரோவும் வந்திருந்தாள். பொறுப்பான முகம், அதிகம் பேசமாட்டாள். சேர் பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் நடக்கிற கதைதான். எங்களுக்குள் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியபோது இருந்த கல்வீட்டையும் வட்டையில், ஊருக்கு வெளியே வயல்வெளியில், இருந்த வயலையும் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா அதே வளவின் பின்பக்கம் தகரக் கொட்டிலுக்குப் போய்விட்டார். நிரோவுக்கு வீடு கட்டுவது சசியின் பொறுப்பு. ஊராருக்குக் கட்டிவிட்டு வந்து, ஓய்வு நாட்களில், அக்காவின் பேரில் மிச்சமிருந்த அந்தப் பின்துண்டில் தங்கச்சிக்குக் கட்டினான். சுவர் கதவுக்கு மேலே வருகிற லின்டல் மட்டத்துக்கு வந்திருந்தது.

"அந்த ஊட்டை முடிக்கிறதுக்குத்தான் ஐயா கேக்கிறன்" என்றார் அக்கா.

சேர் நிரோவை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அம்மா, தங்கச்சிக்கு எண்டு கேக்க ஏலா. தங்கச்சியைப் பாக்கிற கடமை அண்ணனுக்கு இரிக்கு எண்டு சட்டம் சொல்லல்ல" என்றார்.

"எனக்காகத்தானே சேர் அண்ணன் கட்டின?" நிரோ முதன்முதலாக வாய் திறந்தாள்.

"ஓம் புள்ள. ஊரெல்லாம் சாட்சி சொல்லும். ஆனா சட்டம் அதைக் கேக்காது. வயசு போன தாயை மகன் பாத்தானா, அவன் இல்லாம அவ ஒண்டும் இல்லாதவவா எண்டுதான் கேக்கும். அம்மாவுக்குக் கேப்பம். கிடைக்கிறதை அம்மா என்ன செய்யிற எண்டது அவவின்ட விருப்பம்."

ஆக, வழக்கு முழுவதும் ஒரே வாக்கியத்தில் தொங்கியது. பூரணம் அக்கா கூண்டில் ஏறி, தான் மகனின் உழைப்பில் சாப்பிட்டவள், தனக்கென்று ஒரு வருமானமும் இல்லாதவள் என்று சொல்ல வேண்டும். இது லேசான காரியம் என்று நினைக்கிறவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெண்களைத் தெரியாது. அடுப்பில் பூனை படுத்திருந்தாலும், வந்தவரிடம் "இப்பதான் சாப்பிட்ட" என்று சொல்கிற ஆட்கள்.

விளக்கம் என்று நாங்கள் சொல்கிற சாட்சி விசாரணைக்கு முதல் சேர் சாட்சியை அலுவலகத்துக்கு அழைத்துப் பேசுவார். ஒரு கதிரையில் இருத்தி, தான் தூரத்தில் போய் நின்று, நீதிமன்றத்தில் கேட்பதைப்போலக் கேட்பார். பதிலை மட்டும் சொல்லிக்கொடுக்க மாட்டார். என்னையும் விடமாட்டார். அக்கா அன்று சரியாகவே சொன்னார். "அவன் தந்தாத்தான் அடுப்பு எரியும் ஐயா" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது.

விளக்கத் தினத்தன்று பாதை பிந்தவில்லை, நேரத்தோடு போய்விட்டேன். நீதிமன்ற வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. பூரணம் அக்கா இறங்கினார், நிரோ இறங்கினாள். பிறகு பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினார். வேட்டி கட்டிய ஒரு பெரியவர். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், சாப்பாட்டுப் பார்சல் நிறைந்த பையோடு.

"ஆருகா இவங்க எல்லாம்?" என்று நிரோவை ஒதுக்குப்புறமாக இழுத்துக் கேட்டேன்.

"சம்பந்திப் பகுதி மிஸ்." அவள் முகம் வெளிறியிருந்தது. "எனக்குப் பேசியிருக்கிற இடம். மாப்பிள்ளை கட்டார்ல. இவ அவரிட அம்மா, அவர் தாய்மாமன். நாங்க கோட்டுக்குப் போறமெண்டு கேள்விப்பட்டு, தனியப் போகப்படா எண்டு வான் பிடிச்சுக் கூட்டி வந்திட்டாங்க."

"நல்ல மனிசர்தானே?"

"நல்ல மனிசர்தான் மிஸ். அதுதான் பயமாயிரிக்கு. அண்ணன் ஊட்டு வேலைக்குக் காசு வங்கியில போட்டு வெச்சிட்டுத்தான் செத்தான் எண்டு அம்மா சொல்லி வெச்சிரிக்கா. வயலும் தன்ட பேரிலதானாம். இப்ப கூண்டில ஏறி இல்ல எண்டு சொன்னா..."

நேரே சேரிடம் ஓடினேன். அவர் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஒரு கையை மட்டும் நுழைத்தபடி அப்படியே நின்றார்.

"தவணை கேப்பமா சேர்?"

"கேக்கலாம். ஆனா இந்தத் தவணையே எத்தினை தடவை தள்ளிப்போய் வந்தது? அடுத்த தவணைக்கும் அவங்க வான் பிடிச்சு வரமாட்டாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களை வெளிய நிக்கச் சொல்லுவமா?"

"திறந்த நீதிமன்றம் மிஸ். ஆரையும் போ எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்ல."

அவருக்கு இல்லாவிட்டால் என்ன, எனக்கு வாய் இருக்கிறதே. சம்பந்தி அம்மாவிடம் போய், "வாங்க அக்கா, பக்கத்துக் கடையில நல்ல ரீ. வழக்குத் தொடங்க நேரமாகும், ஒரு வாய் குடிச்சிட்டு வருவம்" என்று கையைப் பிடித்தேன்.

"என்னகா நீங்க? எங்கட சம்பந்தி அந்தக் கூண்டில தனிய நிக்கக்குள்ள நாங்க ரீக்கடையில இரிக்கிறதா? ஊர் என்ன சொல்லும்?" என்று அந்த அம்மா என் கையையே தட்டிக்கொடுத்தார். குடும்பமாக உள்ளே போய் முன்வாங்கில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய மரியாதை எங்களைக் கொன்றது.

வழக்கு இலக்கம் கூப்பிட்டார்கள். அக்கா சத்தியம் செய்தார். சேர் கேட்ட முதல் கேள்விகளுக்கு, மகனின் பெயர், தொழில், இறந்த விதம் எல்லாம் சொன்னார். "மகன் இருக்கக்குள்ள உங்கட சீவியம் எப்பிடி நடந்தது?" என்று கேட்டபோது அவர் கண் முன்வாங்குக்குப் போனது. நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மகன்... உதவி செய்வான் ஐயா" என்றார். அவ்வளவுதான்.

சேர் அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தார். அதே பதில். உட்கார்ந்துவிட்டார். காப்புறுதிக் கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். கெட்ட மனிதரில்லை, தன் வேலையைச் செய்தார்.

"அம்மா, வட்டையில உங்களுக்கு வயல் இருக்குத்தானே?"

"இரிக்கு ஐயா."

"நெல் வருகிறதுதானே?"

"வருது."

"அப்ப மகன் இல்லாவிட்டாலும் உங்களுக்குக் குறைவில்லை?"

"எனக்கென்ன குறை ஐயா. கையில கொஞ்சக் காசும் வெச்சிரிக்கன். ஊட்டு வேலையும் முடிஞ்சிடும்."

சம்பந்தி அம்மா பக்கத்தில் இருந்த தாய்மாமனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கம்பனிச் சட்டத்தரணி, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். அந்த நேரம் நீதிமன்றம் மதிய இடைவேளைக்கு எழுந்தது.

வெளியே வந்ததும் சேர் என்னிடம் விரலை உயர்த்தினார். "அவ இன்னும் சாட்சியத்தில இரிக்கா. வழக்கைப் பத்தி நீங்களும் நானும் அவவோட ஒரு சொல்லும் கதைக்கப்படா." எனக்குத் தெரியும். தெரிந்தும் நாக்கு துடித்தது. நிரோ என்னிடம் வந்தாள்.

"மிஸ், அம்மா இப்பிடியே சொன்னா வழக்குத் தோத்திடுமா?"

"என்னட்டக் கேக்காத புள்ள. உன்ட கால்ல விழுறன், என்னட்டக் கேக்காத."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலே பதில் இருந்ததோ என்னவோ. பிறகு மரநிழலில் எல்லோரும் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனாள். தாயிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நேரே சம்பந்தி அம்மாவின் முன்னால் குந்தி இருந்தாள்.

"மாமி, எங்கட ஊட்டுக்குக் கூரை இல்ல. வங்கியில காசும் இல்ல. வயல் அக்காட பேரில. அண்ணன் செத்ததோட எல்லாம் நிண்டு போச்சு."

அந்த அம்மாவின் கை பார்சலில் அப்படியே நின்றது. தாய்மாமன்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்தியா இரிக்கிறீங்க?"

"ஓம் மாமா. ஏமாத்தினதுதான்."

பூரணம் அக்கா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். சம்பந்தி அம்மா நிரோவின் தலையில் கை வைத்தார். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேகா" என்றார், கோபமில்லாமல். ஆனால் எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்தார்கள். பாதி சாப்பிட்ட பார்சல்களை மடித்து வைத்துவிட்டு, கை கழுவி, சொல்லிக்கொண்டு போனார்கள். வான் போன திசையை நிரோ பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் அக்கா மறுபடி கூண்டில் ஏறினார். தன் சாட்சியிடம் தானே திரும்பக் கேட்கிற மீள்விசாரணைக்குச் சேர் எழுந்தார். குரல் காலையில் இருந்ததைவிட மெதுவாக இருந்தது.

"அம்மா, வயல் இருக்கு எண்டு சொன்னீங்க. அது ஆர்ர பேரில?"

"மூத்தவள்ர பேரில ஐயா. சீதனமா எழுதிக் குடுத்தாச்சு."

"கையில காசு வெச்சிருக்கிறன் எண்டு சொன்னீங்க?"

"இல்ல ஐயா. அவன் தந்தாத்தான் எனக்குக் காசு. அவன் தந்தாத்தான் அடுப்பு எரியும்."

கம்பனிச் சட்டத்தரணி துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, சாட்சிக்கு இடைவேளையில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை இருத்திவிட்டு, தானே அக்காவிடம் கேட்டார்.

"அம்மா, காலையில் ஏன் வேறு மாதிரிச் சொன்னீர்கள்?"

அக்கா முன்வாங்கைப் பார்த்தார். அங்கே நிரோ மட்டும் இருந்தாள்.

"காலையில சம்பந்திப் பகுதி இருந்தாங்க ஐயா" என்றார். "இப்ப போயிட்டாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, அந்தப் பதிலை எழுதினார். அவரும் எங்கள் பகுதியில் பல வருடம் இருந்தவர். அதற்குமேல் கம்பனிப் பக்கம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என்னிடம், "மிஸ், இந்தப் புள்ளைக்கு இண்டைக்குப் போனதுக்கும் ஒரு நட்டஈடு கேக்கலாமா?" என்றார். பயப்படாதீங்க என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

தீர்ப்பு அக்காவுக்குச் சார்பாக வந்தது. கம்பனி மேன்முறையீடு என்று கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் கட்டியது. அந்தக் கலியாணம் திரும்ப வரவில்லை. கட்டாரில் இருந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வீடு முடிந்து பால் காய்ச்சிய அன்று என்னையும் சேரையும் கூப்பிட்டிருந்தார்கள். சசி கட்டிய லின்டல் மட்டம்வரை ஒரு பூச்சு நிறம், அதற்குமேல் வேறு மேசன் கட்டியது வேறு நிறம். இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம் என்று நிரோ சொல்லிவிட்டாளாம். பால் பொங்கியபிறகு சேர், வீட்டு உறுதிப்பத்திரம் எழுதுகிற கதையை எடுத்தார். எங்கள் வழக்கப்படி வீடு இளைய மகள் பேருக்குத்தானே போக வேண்டும்.

"வேணாம் சேர்" என்றாள் நிரோ. "அம்மாட பேரிலதான் கிடக்கட்டும். எனக்கு எழுத வேணாம்."

"உனக்கு நாளைக்கு ஒரு இடம் பேசி வந்தா?"

அவள் அடுப்பங்கரையில் பால் பங்கிட்டுக்கொண்டிருந்த தாயைப் பார்த்தாள்.

"வரக்குள்ள பாப்பம் சேர். இனி ஆராச்சும் அம்மாவைக் கூண்டில ஏத்தி, உங்களிட்ட என்ன இரிக்கு எண்டு கேட்டா, அவ முன்னால ஆர் இருந்தாலும் பயப்படாம, ஊடு இரிக்கு எண்டு சொல்லட்டும்."